வலப்பக்கப் பாக்கெட்

திங்கட்கிழமை மத்தியானம் கான்ஸ்டபிள் முசெம்பி ஒரு மூட்டையைக் கொண்டுவந்து என் தையல் மேசைமேல் போட்டான். உள்ளே பதினான்கு போலீஸ் சட்டைகள். ஒவ்வொன்றிலும் வலது மார்புப் பாக்கெட்டுக்கு மேலே ஒரு பெயர்ப் பட்டை இருந்தது. அவற்றைத் தைத்தவளே நான்தான். போலீஸ் குடியிருப்பின் பின்வாசலில் கடை போட்டவளுக்கு வேறு என்ன பிழைப்பு?

"கெசாரே அக்கா, பட்டையெல்லாம் பிரிச்சிடுங்க. காலைல ஆறு மணிக்கு வேணும்."

"எதுக்கு? எல்லாருக்கும் மறுபடி ஞானஸ்நானமா?"

"மேலிடத்து உத்தரவு. நமக்கு எதுக்கு வம்பு?" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல எங்கள் தேநீரில் எங்கள் மந்தாசி போண்டாவையே தோய்த்துத் தின்றான். பிறகு என் தங்கை கெருபோவைப் பார்த்துச் சிரித்தான். "உங்க அப்பா பொண்ணுக்குப் பரிசமா எத்தனை ஆடு கேப்பாரு?"

"உன் சம்பளத்துக்கு ஆட்டு வால்தான் வரும், போ" என்றாள் அவள். இரண்டு வருஷமாக இதே பேச்சு. எனக்கு அவனைப் பிடிக்கும். பொய் சொல்வானேன்?

எதற்குப் பெயரைப் பிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மறுநாள் ஊர்வலம். மீன் வறுத்து விற்கும் ஒபியெரோ, எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க வந்த பணம் எங்கே என்று போனில் நாலு வரி எழுதிப் போட்டான். அன்றைக்கே ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் பிணமாகக் கொடுத்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்தானாம். முதுகிலும் தொடையிலும் பூட்ஸ் தடம் பதியும்படி வழுக்கி விழுந்தவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். அன்று காவல் வேலையில் இருந்தவர்கள் யார் என்று கேட்டால், பெயர் எதுவும் எழுதி வைக்கவில்லை என்றார்கள். அதனால் ஊர்வலத்துக்கே ஒரே ஒரு கோஷம்: பேரைச் சொல்லு.

முசெம்பி போனதும் கெருபோ கத்தரிக்கோலை மேசைமேல் எறிந்தாள்.

"இதைப் பிரிச்சா, நாளைக்கு அடிக்கிறவன் யாருன்னு எப்படிச் சொல்றது?"

"நாம பிரிக்கலேன்னா சந்தையில இருக்கற டெய்லர் பிரிப்பான்."

"அப்ப அவனே பிரிக்கட்டும்."

"அடுப்பையும் அவனே வந்து எரிப்பானா? பெரிய படிப்பு படிச்சவளே, பேசாம பட்டனைத் தை."

ஆசிரியர் பயிற்சி முடித்து மூன்று வருஷமாக வேலை கிடைக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்து காஜா போடுகிறவளிடம் அப்படிச் சொன்னேன். என் நாக்கு அப்படி. நான் பிளேடை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வெயிலில் வெளுத்த நீலச் சட்டையில், பட்டை இருந்த இடம் மட்டும் புதுத்துணி மாதிரி அடர்நீலமாகத் தெரிந்தது.

சாயங்காலம் அவளே சொன்னாள்: "நீ போய் உகாலிக் களி கிண்டு. பட்டன் தச்சு இஸ்திரி போட்டு மடிக்கிறதை நான் பாத்துக்கறேன்." கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தேன். சாப்பிட வந்தபோது அவள் விரல் நுனியெல்லாம் ஊசி குத்திச் சிவந்திருந்தது.

"பிரிச்ச பட்டையெல்லாம் எங்கடி?"

"பத்திரமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கீரையை இன்னும் ஒரு பிடி எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு, தேசியக் கொடியை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். போகாதே என்று கதவை மறித்தேன். என்னைத் தள்ளிவிட்டுப் போனாள். பதினோரு மணிக்குக் கண்ணீர்ப் புகைக் குண்டு வெடிக்கிற சத்தம் கேட்டது. கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு ஓடினேன்.

பெட்ரோல் பங்க் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு புகை. சோளம் சுட்டு விற்கிற கிழவி அடுப்போடு கவிழ்ந்து கிடந்தாள். மண்டை பிளந்து, கரியெல்லாம் ரத்தமாக இருந்தது. ஒருவனை இரண்டு போலீஸ்காரர்கள் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். நடைபாதைக் கல்லில் அவன் தலை தட்டிக்கொண்டே போயிற்று. இன்னொருத்தி தன் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள். ஜனங்களும் சும்மா இல்லை. கல் பறந்தது. போலீஸ் லாரியின் கண்ணாடி நொறுங்கியது. ஒரு போலீஸ்காரன் தொப்பி போய், காதைப் பொத்திக்கொண்டு சாக்கடையில் விழுந்தான். அவனை நாலு பேர் மிதித்தார்கள். நானும் அவனைத் தாண்டித்தான் ஓடினேன். நிற்கவில்லை.

கெருபோவை அவள் கட்டியிருந்த கொடியை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, முட்டி போட்டு, யாரோ ஒருவன் கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே பத்தடி தூரத்தில் ஒரு போலீஸ்காரன் துப்பாக்கியோடு வந்து நின்றான். தலையில் இரும்புத்தொப்பி, கண் மட்டும் தெரிகிற முகமூடி. அவள் எழுந்து நின்றாள். கையில் தண்ணீர் பாட்டிலைத் தவிர ஒன்றுமில்லை.

"உன் பேரென்ன, அஃபாந்தே?" என்று கேட்டாள். போலீஸ்காரர்களை நாங்கள் மரியாதையாகக் கூப்பிடுகிற வார்த்தை அது. மரியாதையாகத்தான் கேட்டாள்.

அவன் சுட்டான்.

கழுத்துக்குக் கீழே பட்டது. அவள் உட்காருகிற மாதிரி விழுந்தாள். நான் அவளிடம் ஓடவில்லை. அவனிடம் ஓடினேன். அந்த நேரத்தில் எனக்குத் தங்கை ஞாபகமே இல்லை, அவனைக் கடித்துத் தின்ன வேண்டும் என்பதுதான் இருந்தது. பாய்ந்து நெஞ்சைப் பிடித்தேன். முகமூடியைக் கிழிக்கப் பார்த்தேன், எட்டவில்லை. துப்பாக்கிக் கட்டையால் தாடையில் இடித்தான். எலும்பு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. பிடியை விடவில்லை. இன்னொரு இடி. துணி கிழிந்து நான் மல்லாந்து விழுந்தேன். அவன் புகைக்குள் ஓடிப்போனான்.

ஒரு பைக் டாக்சிக்காரன் கெருபோவை நடுவில் உட்காரவைத்து, பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். அவளை இறுகக் கட்டிப் பிடித்திருந்தேன். பாதி வழியில் அவள் உடம்பு என்மேல் கனத்தது. "மெதுவாவே போப்பா" என்று அவனிடம் சொன்னேன். அவன் அழுதுகொண்டே வேகமாகத்தான் ஓட்டினான்.

ஒபியெரோ கேள்வி கேட்ட அதே ஆஸ்பத்திரி. கையுறைகூட இல்லாமல் நர்ஸ் அவள் கண்ணை மூடினாள். யாரோ ஒருத்தி இடுப்பில் கட்டியிருந்த லெசோத் துணியை அவிழ்த்து அவள்மேல் போர்த்தினாள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வலது கை மட்டும் விரியவில்லை. நர்ஸ்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். உள்ளே ஒரு பாக்கெட் மூடி இருந்தது, பட்டனோடு.

திருப்பிப் பார்த்தேன். மூடியின் உள்பக்கம் ஒரு பட்டை தைத்திருந்தது. முசெம்பி. கீழே அவன் நம்பர்.

கெருபோ இடக்கைக்காரி. அவள் கைத்தையல் எல்லாம் இடப்பக்கம் சாயும். எத்தனை திட்டியும் திருந்தவில்லை. அந்தப் பட்டையைச் சுற்றி நாலு பக்கமும் இடப்பக்கம் சாய்ந்த தையல். வலப்பக்கப் பாக்கெட்டில் அவர்கள் எதையும் வைக்கக் கூடாது, விறைப்பாக நிற்க வேண்டும். அதனால் அந்த மூடியை யாரும் திறப்பதில்லை. மெஷின் சத்தம் எனக்குக் கேட்டுவிடும் என்று ஊசியால் தைத்திருக்கிறாள். பட்டை பத்திரமாக இருக்கிறது என்று அவள் சொன்னது பொய் இல்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. உடைந்த தாடையோடு அழக்கூட முடியவில்லை.

நாலு மணிக்கு நான் ஸ்டேஷனுக்கு நடந்தபோது பின்னால் ஊரே வந்தது. வாசலில் கல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு ஜன்னல் ஏற்கெனவே போயிருந்தன. உள்ளே பத்துப் பன்னிரண்டு கான்ஸ்டபிள்கள் கம்பும் துப்பாக்கியுமாக, சட்டையெல்லாம் வேர்த்துப்போய் நின்றார்கள். மேசையில் புகார்ப் புத்தகத்தோடு செப்கோயெச் என்ற பெண் கான்ஸ்டபிள் உட்கார்ந்திருந்தாள். பாக்கெட் மூடியை அவள் முன்னால் வைத்தேன்.

"என் தங்கச்சியைச் சுட்டவன் சட்டையிலேர்ந்து கிழிச்சது. எழுதிக்கோ."

அவள் பேனாவை எடுப்பதற்குள் நிலைய அதிகாரி வந்துவிட்டார். மூடியைப் புரட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

"முசெம்பி ஞாயித்துக்கிழமையிலேர்ந்து லீவு. இந்தப் பட்டை உங்கிட்ட எப்படி வந்துச்சு? நீதானே டெய்லர்? நேத்து யாரு பிரிச்சது?"

நான் வாயைத் திறக்கவில்லை. பிரித்தது நான் என்று சொன்னால் வழக்கே செத்தது. சொல்லாவிட்டால் பொய்.

"பிரிச்ச பட்டையைத் திருடி வெச்சுக்கிட்டு, ஏதோ ஒரு துண்டுல தச்சு எடுத்துட்டு வந்து நாடகமா ஆடுற?" என்று உடைந்த தாடையிலேயே அறைந்தார். கண் இருட்டியது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே ஜன்னல் வழியாகப் பத்துப் போன்கள் எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. "அவளை உள்ள தள்ளு!" என்று கத்தினார். ஒருவன் என் பின்னலைப் பிடித்து இழுத்தான். தலை அவன் மார்பில் போய் முட்டியது. என் மூக்குக்கு நேரே அவன் சட்டை. பட்டை இருந்த இடம் அடர்நீலம். அதற்குக் கீழே, நேற்று கெருபோ இஸ்திரி போட்டு மடித்த பாக்கெட்.

பதினான்கு சட்டை. அவள் ஒன்றை மட்டும் தைத்திருக்க மாட்டாள். எந்த வேலையையும் பாதியில் விடுகிறவள் இல்லை அவள்.

கையை நீட்டி அந்தப் பட்டனைப் பிய்த்து மூடியைத் தூக்கினேன்.

"கிப்தூ!" என்று படித்தேன்.

அவன் பின்னலை விட்டுவிட்டான். குனிந்து தன் நெஞ்சையே பார்த்தான். பக்கத்தில் நின்றவனைப் பிடித்தேன். அவன் என் கையைத் தட்டுவதற்குள் மூடி நிமிர்ந்துவிட்டது. "வஃபூலா!" ஜன்னலில் இருந்தவர்கள் அதை வாங்கி வெளியே கத்தினார்கள். வெளியே தெரு முழுக்கக் கத்தியது. காலையிலிருந்து பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு என்று தொண்டை கிழியக் கேட்டவர்களுக்கு முதன்முதலாகப் பதில் வந்துகொண்டிருந்தது. ஒருவன் கம்பால் என் தோளில் அடித்தான். அடித்த கையோடு அவன் பாக்கெட்டையும் திறந்தேன்.

மிச்சம் இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் வலது மார்பைக் கையால் பொத்திக்கொண்டார்கள். துப்பாக்கி வைத்திருந்தவன்கூட ஒரு கையை எடுத்துப் பொத்திக்கொண்டான். கல் விழுவது நின்றுவிட்டது. கண்ணாடித் துண்டுகள்மேல் யாரோ நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பின்வாசல் பக்கம் முசெம்பி நின்றிருந்தான். லீவில் இருப்பவன். அந்தப் புழுக்கத்திலும் மழைக்கோட்டைக் கழுத்துவரை இழுத்து மூடியிருந்தான்.

"கோட்டைக் கழட்டு" என்றாள் செப்கோயெச், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"நீ சும்மா இருடி" என்றார் நிலைய அதிகாரி.

அவள் தன் பாக்கெட் மூடியைத் தானே திறந்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். பெயரை ஒருமுறை விரலால் தடவினாள். "எம்பேரும் இருக்கு சார். கழட்டச் சொல்லுங்க."

யாரும் கழற்றச் சொல்லவில்லை. அவனேதான் கழற்றினான். வலப்பக்கப் பாக்கெட் மூடியில்லாமல், நூல் பிசிறிக்கொண்டு திறந்து கிடந்தது.

"அக்கா, அது கெருபோன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா. முகத்தை மூடியிருந்தா."

"வேற எவளாவதா இருந்தா பரவாயில்லையா?"

நிலைய அதிகாரி மறுபடி ஆரம்பித்தார்: "இதெல்லாம் செல்லாது. பட்டையைப் பிரிச்சு வெச்சிருந்தவ இவ. இவளையே கேளுங்க, ஒத்துக்குவாளான்னு பாப்போம்!"

என்னை மடக்கிவிட்டதாக நினைத்தார். செப்கோயெச் புத்தகத்தைத் திறந்து, புதுப் பக்கத்தில் தேதி போட்டாள். என்னைப் பார்த்தாள்.

வாயில் ஊறிய ரத்தத்தைத் தரையில் துப்பினேன்.

"எழுதும்மா. பேரைப் பிரிச்சவ நான். என் பேரு கெசாரே. திரும்பத் தச்சவ என் தங்கச்சி."