வேன்காரரின் இடது கன்னம்

1

இந்தக் கதை எனக்கு நேர்மையான வழியில் கிடைக்கவில்லை. பாதி ஒட்டுக்கேட்டது, மீதி நானாக இட்டுக்கட்டியது.

என் புத்தகத்தின் பின்னட்டைக்குப் படம் எடுக்க ஒரு ஸ்டூடியோவில் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். இடது கன்னத்தில் காதோரம் தொடங்கி உதட்டு முனை வரை ஒரு தழும்பு. நான் தரையில் கிடந்த என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பைக்குள் இருந்தது ஒரு குடையும் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டும். அதற்கே அவ்வளவு பாதுகாப்பு.

அவர் அதைக் கவனித்தார். எழுந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். தப்பு செய்தால் மற்றவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள். எழுத்தாளர்கள் வீட்டுக்குப் போய்க் கதை எழுதுவார்கள், அதில் பேரும் வாங்கிக்கொள்வார்கள்.

2

முதல் தொடக்கம்: "கத்தியைப் பார்த்த கன்னம் அது. அவன் நடந்து வந்தால் தெருவே…"

(நிறுத்திவிட்டேன். பார்த்தீர்களா, "அவன்" என்று வந்துவிட்டது. கன்னம் வழுவழுப்பாக இருந்திருந்தால் "அவர்" என்றுதான் எழுதியிருப்பேன்.)

இரண்டாவது தொடக்கம்: "எரியும் வீட்டுக்குள் பாய்ந்து மூன்று குழந்தைகளைத் தூக்கி வந்த அந்த உத்தமர்…"

(இது அதைவிடக் கேவலம். தழும்பு உள்ளவர் நல்லவராக இருக்க வேண்டும் என்றால் ஒரு வீடே எரிய வேண்டுமா? என் முகத்தில் கீறல் கிடையாது. நான் ஒரு பூனையைக்கூடக் காப்பாற்றியதில்லை.)

தழும்பு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கடைசி வரை அதையே யோசித்துக்கொண்டிருப்பீர்கள். சின்ன வயதில் குளியலறையில் சோப்பு வழுக்கி, குழாயில் மோதிக்கொண்டார்.*

* சப்பென்று இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

3

அவர் வேன் ஓட்டுபவர். ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேலைக்குக் கேட்டிருந்தார். அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். புது டிரைவரின் படத்தையும் போன் நம்பரையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். சம்மதமுள்ள பெற்றோர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். பத்துக் கையெழுத்து சேர்ந்தால் வேலை. அவர் தம் போனில் எடுத்த படத்தை ஒட்டினார். இரண்டு வாரம் ஆகியும் ஒரு கையெழுத்தும் விழவில்லை. அதனால்தான் நல்ல படமாக எடுக்கலாம் என்று முதல் தடவை ஸ்டூடியோவுக்கு வந்தார். அன்று நான் அங்கே இல்லை.

ஸ்டூடியோவில் படம் பிடிப்பது முதலாளி. திரைச்சீலைக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் அதைச் சரிசெய்து தருபவள் டச்சப் அக்கா. வாசலில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அவளுக்குத் தெரியாது. திரையில் வரும் முகங்களைத்தான் தெரியும். பரு, கருவளையம், மச்சம் எல்லாவற்றையும் நாலே நிமிடத்தில் வழித்துப் போட்டுவிடுவாள். அன்று வேன்காரரின் முகம் வந்தபோது, அவர்மேல் இரக்கப்பட்டு அவள்…

(இல்லை. இரக்கமெல்லாம் ஒன்றும் இல்லை. மகளின் கணக்குப் பரீட்சையை நினைத்துக்கொண்டிருந்தாள், கை அதுபாட்டுக்கு வேலையைச் செய்தது.)

தழும்பு போய்விட்டது. முதலாளி நீட்டிய படத்தை வேன்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க இது?"

"நீங்கதான்."

"நல்லா இருக்கானே!"

கொண்டுபோய் ஒட்டினார். நாலு நாளில் பதினோரு கையெழுத்து.

4

திங்கட்கிழமை காலை, பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று வெள்ளோட்டம் காட்டுவதற்காக வேனைப் பள்ளி வாசலில் நிறுத்தினார். காவலாளி மறித்தார்.

"போட்டோல இருக்கிறவர வரச் சொல்லுங்க."

"அது நான்தாங்க."

"யார்கிட்ட காது குத்துறீங்க?"

லைசென்ஸைக் காட்டிய பிறகுதான் காவலாளி வழிவிட்டார். மறுநாளிலிருந்து பிள்ளைகளை அனுப்பலாமா என்று பார்க்க வந்திருந்த ஓர் அம்மா, படியில் கால் வைத்திருந்த மகனை வெடுக்கென்று பின்னால் இழுத்தார். பதினோரு பிள்ளைகளில் இரண்டு பேர் மட்டும் வேனில் ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். அவர்களின் பெற்றோர் ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று டிரைவரை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

பள்ளி அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். "முகத்த மறைச்சு ஏமாத்தியிருக்கீங்க. உண்மையான படத்த ஒட்டுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பத்துக் கையெழுத்து வரலன்னா வேற ஆளப் பாத்துக்கிறோம்." அதுவரை முகம் மட்டும்தான் சரியில்லை, இப்போது ஆளும் ஏமாற்றுக்காரர்.

அங்கிருந்துதான் நேராக ஸ்டூடியோவுக்கு வந்தார். நான் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அன்றுதான். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"என் கன்னத்த எடுத்தது நீங்கதானாம்மா?"

டச்சப் அக்கா திரையை விட்டுத் திரும்பினாள். இந்த முகத்தை மூன்று மடங்கு பெரிதாக்கி நாலு நிமிடம் பார்த்திருக்கிறாள். ஆனால் பார்த்ததாக நினைவே இல்லை. அதுதான் அவளை ரொம்பச் சுட்டது.

"மன்னிச்சிருங்கண்ணே. கை தானா அழிச்சிருச்சு."

"அது பரவாயில்லம்மா. நாலு நாள், பதினோரு பேரு என்னை நம்புனாங்க. வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அப்படி ஒரு நாலு நாள் எனக்கு வந்ததில்ல. அத நெனச்சாத்தான் கஷ்டமா இருக்கு."

"தழும்ப லேசாக்கித் தரட்டுமா? பாதி தெரியிற மாதிரி?"

"வண்டிய நான் பாதியாவா ஓட்டப்போறேன்?"

அவள் சிரித்துவிட்டாள். கண்ணும் கலங்கிவிட்டது. அன்று படத்தை அவளே எடுத்தாள்.

"சிரிங்கண்ணே."

"சிரிச்சா அது இன்னும் இழுக்கும்மா."

"இழுக்கட்டும்."*

* அன்றிலிருந்து அவள் யாரையும் கேட்காமல் எதையும் அழிப்பதில்லை. என் பின்னட்டையில் கண்ணுக்குக் கீழே தொங்கும் இரண்டு பைகளுக்கும் அதுதான் காரணம். அழிக்கச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

5

முடிவு ஒன்று: பத்துப் பேரும் மனம் திருந்திக் கையெழுத்துப் போடுகிறார்கள். எழுதினேன், கிழித்தேன். நாலு நாளில் ஊரே திருந்துவதாக எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

முடிவு இரண்டு: ஒருவரும் போடவில்லை. நீங்கள் ஒரு பெருமூச்சு விடுவீர்கள். "என்ன உலகம்டா" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போவீர்கள். உங்களை அவ்வளவு சுலபமாக விட எனக்கு மனசில்லை.

ஆகவே இதுதான் நடந்தது. வேனில் போய் வந்த இரண்டு பிள்ளைகளும் வீட்டில் அடம்பிடித்ததில் இரண்டு. அவர்களைப் பார்த்து இன்னும் மூன்று. வேறு வண்டி கிடைக்காமல் முனகிக்கொண்டே வந்து போட்டவர்கள் நாலு பேர். வெள்ளிக்கிழமை சாயங்காலம், அலுவலகம் மூட கால் மணி நேரம் இருக்கும்போது, ஒன்பது.

இப்போது பலகைக்கு முன்னால் நிற்பது நீங்கள். உங்கள் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நான் எழுதிய இந்தப் பக்கங்களை அங்கே யாரும் ஒட்டவில்லை. ஒரு முகம் இருக்கிறது, ஒரு போன் நம்பர் இருக்கிறது, அவ்வளவுதான். சற்றுத் தள்ளி ஒருவர் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நிற்கிறார். திரும்பினால் நீங்கள் போய்விடுவீர்களோ என்று பயம் அவருக்கு.

இதற்கு மேல் நான் எழுதுவதாக இல்லை. பத்தாவது வரி காலியாக இருக்கிறது.