மல்லாட்டை போட்ட கேப்பை அடை

மனைவி செந்தாமரை குவைத்துக்குப் போன முதல் மாதம் முழுக்கத் துரைக்கண்ணு கூட்டேரிப்பட்டு ரோட்டோரக் கடைகளில்தான் சாப்பிட்டான். மகள் கலைப்பிரியாவை நர்சிங் படிக்கவைக்க வேண்டும். இருக்கிற நிலத்தை மட்டும் நம்பினால் ஆகாது. குவைத்தில் ஒரு வீட்டில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும், "நான் போறேன்" என்றாள் செந்தாமரை. அவன் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகள் புதுச்சேரி விடுதிக்குப் போக, மனைவி விமானம் ஏற, வீட்டில் அவனும் அணைந்த அடுப்பும்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்கு ஓய்வு. போன் வரும்.

"இன்னா சாப்ட்டீங்க?"

"பரோட்டா."

"நேத்து?"

"அதேதான்."

"வயிறு இன்னாத்துக்கு ஆவும்? இட்லி வாங்கினீங்கன்னா மிஞ்சினதைத் தூக்கிப் போடாதீங்க. உதுத்து, கடுகு, வெங்காயம், பச்சமொளகா தாளிச்சுப் பொரட்டுங்க. ரொம்ப சுலுவு."

முதல் தடவை கடுகு கருகிவிட்டது. கருகினதையே சாப்பிட்டான். அடுத்த வாரம், மிஞ்சிய சோற்றைப் பிசைந்து, அரிசி மாவும் சோம்பும் சேர்த்துப் பக்கோடா போடச் சொன்னாள். அதற்கடுத்து, வேர்க்கடலையை, அவள் சொல்லில் மல்லாட்டையை, வறுத்துப் பொடித்துக் கத்தரிக்காய்க் குழம்பில் தூவச் சொன்னாள். கைக்கு வேலை பழகிப் போனது. கரண்டியைப் பிடித்தபோதெல்லாம், அது அவள் பிடித்த கரண்டி என்ற நினைப்பு வந்து அவனைச் சற்று நேரம் நிறுத்திவைக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவனே ஆரம்பித்தான்.

"நானா ஒண்ணு செஞ்சேன். கேப்பை மாவுல வேவவச்ச பச்ச மல்லாட்டையை ஒண்ணும் பாதியுமா நசுக்கிப் போட்டு, மாங்கா துருவி, முருங்கக்கீரை உருவிப் போட்டு அடை தட்டினேன். ஓரம் மொறுமொறுன்னு வந்துச்சு."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"தாமரை? லைன்ல கீறியா?"

"கீறேன். ஓரம் மொறுமொறுன்னு வந்துச்சா? இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னான். அவள் மூக்கை உறிஞ்சியது கேட்டது. சளியா என்று கேட்டான். ஆமாம் என்றாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மாத விடுப்பில் வந்தாள். திண்டிவனம் பஸ் நிலையத்தில் இறங்கியவள் மெலிந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குப் போனாள். மிளகாய்த்தூள் எந்த டப்பாவில், உப்பு எங்கே, ஒன்றும் புரியாமல் அலமாரி முன்னால் நின்றாள். "நீ உக்காரு" என்று துரைக்கண்ணு பலகையை இழுத்துப் போட்டான். அவன் கேப்பை அடையைத் தட்டித் தட்டிப் போட, அவள் சூடு பாராமல் பிய்த்துத் தின்றாள்.

"அந்த ஊட்டுல பத்துப் பேருக்கு ஆக்கிப் போட்டேன். சூடா எனக்குன்னு ஒருத்தர் போட்டுத் தரலிங்க" என்றாள்.

மாதம் ஓடியே போனது. கிளம்புகிற அன்று காலை அவள் பெட்டி கட்ட, அவன் வழிக்கென்று அடை சுட்டுக்கொண்டிருந்தான். அடுக்களை முழுக்கப் புகை. செந்தாமரை ஓடிவந்து பார்த்தாள். கல்லில் அடை கரிந்துகொண்டிருந்தது. அவன் திருப்பாமல் நின்றான்.

"போவாத, தாமரை."

அவள் கல்லை இறக்கி வைத்தாள்.

"இதைச் சொல்ல ரெண்டு வருசமா? ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும், இன்னிக்காவது சொல்லுவீங்கன்னு நெனைச்சிக்கினுதான் போன் போட்டேன். நீங்க கத்தரிக்காயை எண்ணெயில வதக்கட்டுமான்னு கேட்டீங்க."

"வேற இன்னா பேசுறதுன்னு தெரில. அது ஒண்ணுதான் உன்னை லைன்ல வச்சிக்கினு இருந்துச்சு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கலைக்கு இன்னும் ஒரு வருசம் கீது. அது முடிஞ்சா, நீங்களே போன்னாலும் போவ மாட்டேன்."

அன்று போனாள். அவன் விமான நிலையம்வரை கூடவே போய், கண்ணாடிக்கு அப்பால் அவள் சேலை மறையும்வரை நின்றான். சொல்லாமல் கிடந்த இரண்டு வருடத்தைவிடச் சொல்லிவிட்ட அந்த ஒரு வருடம்தான் அவனுக்கு நீண்டு கிடந்தது. ஆடியில் கலைப்பிரியா வேலைக்குச் சேர்ந்தாள். ஆவணியில் செந்தாமரை ஊர் திரும்பினாள்.