பிரீமியம் பெட்ரோலும் இரண்டாவது பாட்டிலும்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான்; ஆனால் அவன் உண்மையிலேயே நாகரிகம் அடைந்தது, தன் வண்டிக்கு எதை ஊற்றக் கூடாது என்று தெரிந்துகொண்ட அன்றுதான். இந்த அரிய உண்மையை உலகுக்கு அறிவித்தவர் அப்போது காப்பீட்டு அலுவலகத்தின் வண்டிக் கொட்டகையில், பேன்ட்டில் கிரீஸ் படாமலிருக்க வலது கால் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டிருந்தார். உலகம் என்பது அன்றைக்கு இரண்டு பேர். ஒருவருக்குத் தன் வண்டியை வெளியே எடுக்க வழியில்லை; இவருடையது குறுக்கே நின்றது. இன்னொருவர் காவலாளி. அவர் எங்கே போவார்?

அலுவலகத்தில் அவரை, பெட்ரோலின் தரத்தைச் சொல்லும் எண்ணின் பேரால், 'ஆக்டேன்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால்தான் ஆரம்பித்தது. ஒருநாள் காதில் விழுந்ததும், பட்டமளிப்பு விழா நடந்ததுபோல் பூரித்துப் போனார். கிண்டல் செய்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வண்டியோ பன்னிரண்டு வயதான நூறு சிசி மோட்டார் சைக்கிள். அதற்கு அவர் பிரீமியம் பெட்ரோலைத் தவிர வேறெதையும் காட்டியதில்லை. சாதா போட்டால் நெஞ்சு கட்டும் என்பார். டேங்க் மூடிக்குப் பக்கத்தில், 'இவ்வண்டிக்குச் சாதா பெட்ரோல் போதுமானது' என்று வண்டி செய்தவர்களே ஒட்டியனுப்பிய சீட்டு ஒன்று இருந்தது. அதன்மேல் பாயும் புலிப் படத்தை ஒட்டி மறைத்திருந்தார். வெயிலில் புலியின் முகம் உரிந்துபோய், அந்த இடத்தில் 'போதுமானது' மட்டும் எட்டிப் பார்த்தது.

அவர் மனைவி பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். ஏழு மணி ஷிப்டுக்கு ஐந்தே முக்காலுக்கே வீட்டைவிட்டு இறங்கி, இரண்டு பஸ் மாறி, பாதி நாட்களில் நின்றுகொண்டே போவாள். அவருக்கு அலுவலகம் பத்து மணிக்கு. நடந்தால் இருபது நிமிடம். கல்யாணத்துக்கு முன்பே தம்பியின் வண்டியில் ஓட்டப் பழகியவள் அவள். காலையில் மட்டும் வண்டியைக் கொடுங்கள் என்று ஆறு வருஷமாகக் கேட்கிறாள். கொடுப்பதில் தனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்றுதான் அவரும் ஆறு வருஷமாகச் சொல்கிறார். ஆனால் அவசரத்தில் ஏதாவது பங்க்கில் நுழைந்து சாதாவை ஊற்றிவிடுவாளே, வண்டி தாங்காதே. 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டார். கழுதை யார் என்று முடிவாகும்வரை நாலு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

அவள் தம்பி மெக்கானிக். அவர்கள் தெருவிலேயே கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளக் சுத்தம் செய்ய வண்டியைக் கொண்டுபோனவர், அங்கேயும் சொற்பொழிவைத் தொடங்கினார். மைத்துனன் பிளக்கைத் தேய்த்தபடியே கேட்டான். பிறகு தேய்த்தபடியே சொன்னான்:

“மாமா, பிரீமியம்னா பலம் ஜாஸ்தின்னு இல்ல. சட்டுனு பத்திக்காதுன்னு அர்த்தம். உள்ள அழுத்தம் அதிகமா இருக்கிற இன்ஜினுக்கு அது வேணும். அந்த வண்டிங்க புத்தகத்துலயே கம்பெனிக்காரன் போட்டிருப்பான். பைக்கும் சரி, காரும் சரி, அவ்வளவுதான் விஷயம். உங்க வண்டி கேக்கல. பசிக்காதவனைப் பிடிச்சு உக்கார வச்சு விருந்து போடுறீங்க.”

எனக்கு வித்தியாசம் தெரிகிறதே என்றார் இவர். கண்ணைக் கட்டிவிட்டால்கூடச் சொல்வாராம். கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டினால் வித்தியாசம் வேறு விதமாகத் தெரியும் என்றான் மைத்துனன்.

தம்பிக்கு டீ கொண்டுவந்திருந்த மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். “அப்ப சோதிச்சுப் பாத்துடுவோமே. அவர் கண்டுபிடிச்சுட்டா இனிமே வண்டியைப் பத்தி நான் வாயே திறக்கல. கண்டுபிடிக்கலன்னா, திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் சாவி எனக்கு.”

சரி என்று சொன்னபோது ஆக்டேனுக்கு மனம் இளகியது. பாவம், வலிய வந்து தோற்கிறாளே என்று இரக்கம்.

மைலேஜ் பார்க்க மெக்கானிக்குகள் ஒரு பாட்டில் வைத்திருப்பார்கள். நூறு மில்லி வரை கோடு போட்டது. அடியில் ரப்பர் குழாய், குழாயைக் கவ்வி அடைக்க ஒரு கிளிப். பாட்டிலை வண்டியின் பக்கக் கண்ணாடிக் கம்பியில் மாட்டிக் குழாயைக் கார்புரேட்டரில் சொருகினால், டேங்க்கை மறந்துவிடலாம். அப்படி இரண்டு பாட்டிலில் ஒன்று, இரண்டு என்று எண் எழுதி மனைவி பங்க்குக்கு எடுத்துப் போனாள். ஒன்றில் பிரீமியம், ஒன்றில் சாதா. எது எதில் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். அதை ஒரு சீட்டில் எழுதி, நாலாக மடித்துத் தம்பியின் சட்டைப் பையில் செருகினாள்.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் நிற்கும். மைத்துனன் திருகாணியைத் தளர்த்தி அதை ஒழுகவிட்டு, முதல் பாட்டிலை மாட்டினான். கடையிலிருந்து இடப்பக்கம் தெருக்கோடி வரை போய்த் திரும்பி, கடையைத் தாண்டி வலப்பக்கம் பஸ் நிறுத்தம் வரை போய் வர வேண்டும். ஆக்டேன் போய் வந்தார். இறங்கும்போதே முகத்தைச் சுளித்தார்.

“சாதா. சந்தேகமே இல்ல. வண்டி இருமுது.”

ஊரார் தாடைக்குள் இருப்பதைத் தினமும் பார்ப்பவளின் முகத்தில் எதையும் படிக்க முடியாது.

இரண்டாவது பாட்டிலை அவரே மாட்டினார். மாட்டும்போது சிந்தக் கூடாது, கிளிப்பைப் போட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்று மைத்துனனுக்கே பாடம் எடுத்து, கிளிப்பை இறுக்கினார். கிண்ணத்தை மறுபடி ஒழுகவிட மைத்துனன் ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்தான். அந்தத் துளி மிச்சம் தன்னை ஏமாற்றிவிடாது என்று சொல்லி, ஆக்டேன் உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடடா, என்ன இழுவை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. வயிற்றுக்கடியில் இன்ஜின் தாலாட்டுகிறது. தெருக்கோடியில் திரும்பும்போது அவருக்குக் கண் ஈரமானது. அது தூசியாகவும் இருக்கலாம். கடை முன்னால் வந்ததும் வேகத்தைக் குறைத்து, ஒரு கையைத் தூக்கி, எதிர்க்கடைக்காரருக்கும் சேர்த்துத் தீர்ப்பு வழங்கினார்.

“இதுதான் பிரீமியம். இதுக்குப் பேர்தான் இன்ஜின் ஓடுறது.”

பஸ் நிறுத்தத்தில் திரும்பும்போது வண்டி இரண்டு தடவை விக்கியது. பிறகு நின்றுவிட்டது.

பதினைந்து தடவை உதைத்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு பெரியவர், பெட்ரோல் இருக்கிறதா பாருங்கள் என்றார். பாட்டிலைக் காட்டி, இருக்கிறதே, தெரியவில்லையா என்று அவரிடம் எரிந்து விழுந்தார் ஆக்டேன். பிறகு தள்ளிக்கொண்டு நடந்தார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்; தள்ளிக்கொண்டு போகிறவருக்குக் கார்புரேட்டர் கோணல். கடைக்கு வந்து சேர்வதற்குள் காரணம் தயாராகியிருந்தது. அவ்வளவு உயர்ந்த சரக்கைத் திடீரென்று சுத்தமாகக் கொடுத்ததும், இந்தப் பழைய கார்புரேட்டருக்குத் தாங்கவில்லை.

மூச்சு வாங்க வாங்க அதை விளக்கி முடிக்கும்வரை மைத்துனன் பொறுமையாக நின்றான். பிறகு பாட்டிலை விரலால் சுண்டினான். நூறு மில்லிக் கோட்டில் பெட்ரோல் அசையாமல் நின்றது. குழாயில் கிளிப் இறுக்கமாகக் கவ்வியிருந்தது.

“மாமா, இதுல ஒரு சொட்டுகூட வண்டி குடிக்கல. ஓடினதெல்லாம் கிண்ணத்துல இருந்த மிச்சம். அது முதல் பாட்டில் பெட்ரோல்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, மரியாதைக்குக் குறைவில்லாமல் சேர்த்தான்: “ஒரே பெட்ரோலை ஒரு தரம் சாதான்னீங்க, ஒரு தரம் பிரீமியம்னீங்க. அதுல ஒண்ணு சரியாத்தான் இருக்கும். விடுங்க.”

ஆக்டேன் கிளிப்பைப் பார்த்தார். கிளிப் அவரைப் பார்த்தது.

மனைவி கையை நீட்டினாள். சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் அவர் கோபித்துக்கொண்டாவது போயிருப்பார். சாவி வண்டியிலேயேதான் இருந்தது என்பதால் அந்தக் கையில் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. நகர்ந்து வழிவிட்டார். அவள் துப்பட்டாவைத் தோளோடு முடிந்துகொண்டு ஏறி, கிளிப்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் இறங்கும்வரை காத்திருந்து, ஒரே உதையில் கிளப்பினாள். வண்டி தெருக்கோடியை நோக்கிக் கிளம்பியது. நன்றாகத்தான் போனது.

ஆக்டேன் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். சாவி போனாலும் காது போகவில்லையே. மெல்ல மெல்ல முகத்தில் பழைய களை திரும்பியது.

“கேட்டியா மச்சான்? அந்தச் சுருதியைக் கேளு. பாட்டில் தொறந்தப்புறம்தான் நிஜம் தெரியுது. நான் சொன்னேன்ல, ரெண்டாவதுதான் பிரீமியம்னு.”

மைத்துனன் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நாலு மடிப்பையும் பிரித்தான்.

இரண்டாவது பாட்டிலுக்கு நேரே 'சாதா' என்று எழுதியிருந்தது.