யானையா, கோட்டையா

பரணிதரன் ஒரு பொருளைப் பேர் சொல்லிக் கேட்டதைத் தஞ்சாவூர் கீழவாசலில் யாரும் பார்த்ததில்லை. டீக்கடையில் தாடையை நீட்டுவான், வடை வரும். துணிக்கடையில் புருவத்தைத் தூக்குவான், மேல்தட்டுச் சட்டை இறங்கும். தப்பாக இறங்கினால், "நான் அதையா கேட்டேன்?" என்பான். இந்த மகானுக்குத்தான் பூதலூர் குந்தவையை நிச்சயம் செய்திருந்தார்கள். கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொம்மைக்கடை மாடியில் சீட்டுப்போட்டியின் கடைசி ஆட்டம். ரம்மி என்று நினைத்துவிட வேண்டாம். மிருகங்களும் வீரர்களும் அச்சடித்த அட்டைகளை மாதக்கணக்கில் வாங்கிச் சேர்த்து, ஆளுக்கொரு கட்டோடு மோதும் விளையாட்டு. குந்தவையை இதில் இழுத்துவிட்டதே பரணிதான். அவன் அட்டையில் படத்தைப் பார்த்தான். கல்லூரியில் கணக்கு நடத்தும் அவள் நாற்பது பக்க விதிப் புத்தகத்தைப் படித்தாள். படித்த பாவத்துக்கு நடுவராக்கிவிட்டார்கள். மாப்பிள்ளை ஆடுவானாம், பொண்ணு தீர்ப்பு சொல்லுமாம் என்று ரெண்டு பேர் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். பரணிக்கு எதிராக ஆட உட்கார்ந்திருந்த அய்யம்பேட்டை அப்சரே, "அக்கா இருக்கட்டும். புக்கு அவங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டான்.

பின்வரிசையில் பரணியின் அம்மா தர்மாம்பாள், கூறைப்புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு. ஆட்டம் முடிந்ததும் மருமகளைத் தையல்காரரிடம் அழைத்துப் போக வேண்டும். ஆட்டம் என்னவென்று அவளுக்குத் தெரியாது. மகன் ஜெயிக்க வேண்டும் என்பது தெரியும்.

விதி ஒன்றும் பிரமாதமில்லை. அடிக்கிறவன் தன் அட்டையைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். எதை அடிக்கிறான் என்று உடனே சொல்ல வேண்டும். எதிராளியின் நிமிர்ந்த அட்டையைத் தொட முடியாது. முன்பு அடித்துவிட்டுச் சாய்ந்து கிடப்பதை அடிக்கலாம், இல்லையென்றால் நேராக அவன் கோட்டையையே அடிக்கலாம். கோட்டையின் உயிரெல்லாம் போனால் ஆட்டம் போச்சு. சொன்ன இலக்கை மாற்றக்கூடாது. அதற்குப் பிறகுதான் எதிராளி, கவிழ்த்து வைத்திருக்கும் அட்டையைத் திருப்பலாம்.

இரண்டு கோட்டைக்கும் ஒவ்வோர் உயிர்தான் மிச்சம். அப்சரின் யானை சாய்ந்து கிடந்தது. பரணி தன் புலியைச் சாய்த்தான்.

"அடிக்கிறேன்."

தாடை கோட்டைப் பக்கம் நீண்டது.

அப்சர் கவிழ்த்திருந்த அட்டையைத் திருப்பினான். அகழி! கோட்டையை அடிக்க வரும் எதுவும் அதில் விழுந்து சாகும்.

"அவசரப்பட்டுட்டியே தம்பி," என்றான் பரணி. "நான் யானையை இல்ல அடிச்சேன்."

"அண்ணே, கோட்டையப் பாத்துத்தானே காமிச்சீங்க!"

"கோட்டைன்னு வாயத் தொறந்து சொன்னேனா?"

சொல்லவில்லைதான். யானை என்றால் யானையும் போய், அகழியும் வீணாகி, அடுத்த சுற்றில் பரணி ஜெயித்துச் சென்னையில் மாநிலப் போட்டிக்கு ரயில் ஏறுவான். கோட்டை என்றால் புலி செத்தது. யானை எழுந்து வந்து அவன் கதையை முடிக்கும். வாயால் சொல்லாத இலக்கை நடுவர் கண்ணால் கண்டபடி தீர்மானிக்க வேண்டும் என்கிறது புத்தகம்.

"குந்தவை, நீ இங்கயேதானே நின்ன. நீயே சொல்லு," என்று பரணி சிரித்தான். யானை என்று அவள் சொல்லப்போவதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

குந்தவை அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். சிவகங்கைப் பூங்கா பெஞ்சில், "கல்யாணத்துக்கப்புறமும் நான் வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டபோதும் இதே சிரிப்புத்தான். "போயேன், யாரு வேணாம்னா?" என்றான். பதினைந்து நாள் முன்னால் தர்மாம்பாள் அந்தப் பேச்சை எடுத்ததும், "இந்த செமஸ்டர் வரைக்கும்னுதானே சொன்னேன்?" என்றான். பெஞ்சில் மூன்றாம் ஆள் இல்லை. பதினைந்து நாளாகத் தன் காதையே நம்பாமல் தூக்கம் கெட்டுக் கிடந்தாள் குந்தவை. "ஆம்பளைங்க பேச்ச அப்படியே புடிச்சுத் தொங்காத," என்று அவள் அம்மா வேறு.

இப்போது காதில்லை, கண். தாடை நீண்டதையும் பார்த்தாள், அகழியைக் கண்டதும் அவன் பார்வை யானைக்குத் தாவியதையும் பார்த்தாள்.

"கோட்டை," என்றாள். "கோட்டையத்தான் அடிச்சாங்க. புலி போச்சு."

இரண்டே நிமிடத்தில் முடிந்தது. பரணி அப்சருக்குக் கைகொடுத்தான்; மரியாதையில் குறை சொல்ல முடியாது. மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வந்ததும் தர்மாம்பாள்தான் ஆரம்பித்தாள்.

"ஏம்மா, யானைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன? யானை என்ன உங்க வீட்டு யானையா?"

"அத்தை, உங்க முன்னாலயே இவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்." குந்தவை பரணியிடம் திரும்பினாள். "பூங்காவுல என்ன சொன்னீங்க? வேலைக்குப் போன்னா, செமஸ்டர் வரைக்கும்னா?"

பரணி அம்மாவைப் பார்த்தான். ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்தான்.

"போன்னுதான் சொன்னேன். அப்புறம் அம்மா மூஞ்சி மாறுச்சு, மாத்திட்டேன். இப்ப என்னங்கற? சின்ன விஷயம்."

காது சரியாகத்தான் இருந்திருக்கிறது. அந்த நிம்மதி ஒரு மூச்சுக்கு மேல் தாங்கவில்லை. பதினைந்து நாள், 'நான் தப்பா கேட்டேனா' என்று அவனிடமே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும், "ஆமா, நீதான் சரியா கவனிக்கல" என்று தலையைத் தடவாத குறையாகச் சமாதானம் சொன்னவன் இவன்.

"அதான் ஒத்துக்கிட்டானே," என்றாள் தர்மாம்பாள். "வா, டெய்லர் அளவெடுக்கக் காத்துக்கிட்டிருக்கார்."

"நீங்க போங்க அத்தை. நான் வரல."

"இன்னைக்கு அளவு குடுக்கலன்னா ரவிக்கை எப்ப தைக்கிறது?"

குந்தவை திரும்பி நடந்தாள். பின்னால் பரணி, "கோவம், சரியாயிடும்மா" என்று சொல்வது கேட்டது. பழைய பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, பூதலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். செய்தது சரியா என்று எந்தப் புத்தகத்தில் பார்ப்பது? அம்மாவிடமிருந்து போன்.

"அளவு குடுத்தாச்சா? நான் இப்பதான் மூணு தெருவுக்குப் பத்திரிகை வச்சுட்டு வந்தேன். காலெல்லாம் விட்டுப்போச்சு. சாயங்காலம் மேலத்தெரு."

"மேலத்தெருவுக்குப் போகாதம்மா."

"ஏன்டி?"

கண்டக்டர் டிக்கெட் கேட்டு முன்னால் வந்து நின்றார்.

"வந்து சொல்றேன். நீ மட்டும் போகாத."