மாடியில் அலறிய போன்

புயல் எச்சரிக்கை என்றாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போன மாதம் மூன்று தடவை போன் அலறியது. மூன்று தடவையும் நாலு தூறலோடு சரி. என் போனில் அதை நிறுத்திவிட்டேன். மாடியில் தகரக் கூரைக்குக் கீழே குடியிருக்கும் என் கொழுந்தன் பெண்டாட்டி நிறுத்தவில்லை. அவள் போன் அலறினால் என் தலைக்கு மேலேயே அலறும். ஒருநாள் படியில் நின்று கத்தினேன்.

“ஒண்ணு அதை நிறுத்து, இல்ல தூக்கிக் குப்பைல போடு!”

“முடியாதுக்கா” என்றாள். அன்றோடு பேச்சு நின்றது.

நேற்று மத்தியானம் ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் மெஷினில் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். மேலே மறுபடி அலறல். வழக்கமாக உடனே அமர்த்திவிடுவாள். நேற்று காலர் தைத்து, நூலும் வெட்டியாயிற்று, சத்தம் ஓயவில்லை. குளிக்கும் நேரம் தவிர போனும் கையுமாக இருப்பவள் அவள். குளிக்கப் போயிருந்தாலும் இவ்வளவு நேரமா? மெஷினில் ஒரு திருகை முடுக்க எடுத்த ஸ்குரூ டிரைவர் கையில் இருக்க, அப்படியே ஓடினேன்.

கட்டிலில் போன் கிடந்தது. ‘கடும் சூறைக்காற்று. தகரக் கூரையின் கீழ் இருப்பவர்கள் உடனே வெளியேறவும்.’ குளியலறைக் கதவு தடதடவென்று அதிர்ந்தது.

“அக்கா! தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சு! அரை மணி நேரமா கத்துறேன்!”

என் மெஷின் சத்தத்தில் அது எங்கே கேட்கும்? பாவி நான்.

“அழாதே, தள்ளி நில்லு. நான் வந்துட்டேன்ல?”

மெலிசான கதவு, கீல்கள் வெளிப்பக்கம். பன்னிரண்டு வருஷமாக மெஷினைக் கழற்றி மாட்டுகிறவளுக்கு ஆறு திருகாணி ஒரு வேலையா? ஐந்து மளமளவென்று வந்தன. ஆறாவது துருப்பிடித்து அடம்பிடித்தது. மேலே தகரம் படபடவென்று துள்ளியது. “சனியனே, வா!” என்று கதவைப் பிடித்து ஒரே இழுப்பு. வந்துவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றவளைக் கையைப் பிடித்து இறக்கினேன். பாதிப் படியில் இருந்தபோது குளியலறைக் கூரை பிய்த்துக்கொண்டு பறந்த சத்தம் கேட்டது.

கீழே வந்ததும், காலர் வைத்த அந்தச் சட்டையையே அவளுக்குப் போட்டுவிட்டேன். நடுக்கம் நின்றதும் என்னைப் பார்த்தாள்.

“நல்லவேளை, உங்க பேச்சை நான் கேக்கலைக்கா.”

எனக்குக் கண் நிறைந்தது. என் போனை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

“இந்தா, இதுலயும் போட்டு விடு.”