வெள்ளிக்கிழமை வகுப்பில் ஓர் ஒற்றன்

அந்த வருஷம் ஆதிகேசவனுக்கு யாரைப் பார்த்தாலும் சி.ஐ.டி.யாகத் தெரிந்தது. உப்புக் காய்ச்சி ஜெயிலுக்குப் போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். வேலூரில் கதர் கட்டியவனைக் கண்டு யாரும் பயப்படவில்லை. கதர் கட்டியவனை எவன் பார்க்கிறான் என்றுதான் பயந்தார்கள். ஆதிகேசவனின் அப்பா கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா. மகன் சர்க்காரைப் பற்றி ஒரு வார்த்தை ஏடாகூடமாகப் பேசி அது மேலே போய்விட்டால், மறுநாள் காலை அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு போக இடம் இருக்காது.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் பொருளாதார வாத்தியார் அருணகிரி, காலேஜில் முதல் வருஷத்துப் பையன்களுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு வகுப்பு ஆரம்பித்தார். ‘இன்றைய உலகின் அவசரப் பிரச்சினைகள்’ என்று பெயர். வாரம் ஒருவன் கட்டுரை வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். வகுப்பு இங்கிலீஷில் நடந்தது. தூக்கம் மட்டும் தமிழில். சர்வதேச சங்கத்தைப் பற்றி மூர்த்தி வாசித்த அன்று மூன்று பேர் தூங்கினார்கள். அதில் மூர்த்தியும் ஒருவன் என்று பேச்சு.

ஆதிகேசவனுக்கு விழுந்த தலைப்பு, தோல் ஷாப்புத் தொழிலாளர் நிலை. தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றுக்குள்ளும் அவன் கால் வைத்ததில்லை. அதனால் கட்டுரை தங்குதடையில்லாமல் வந்தது. ‘லண்டன் சந்தையில் விலை விழுந்தால் இங்கே கூலி விழுகிறது, சர்க்கார் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது’ என்று எழுதிவிட்டு, அந்த வாக்கியத்தைத் தானே ஏழெட்டுத் தரம் படித்து உருகினான். பிறகு பயந்தான். பயத்துக்குக் காரணம், கடைசி பெஞ்சில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த தானியேல்.

தானியேல் காலேஜ் திறந்து ஒரு மாதம் கழித்துச் சேர்ந்தவன். யாரோடும் ஒட்டமாட்டான். காங்கிரஸ் பேச்சு எழுந்தால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். வகுப்பில் ஒரு வரி எழுதமாட்டான். ஆனால் கை விரல்கள் மட்டும் எப்போதும் மசியில் தோய்த்தாற்போல் கறுத்திருக்கும்.

ஆதிகேசவன் தன் தோஸ்த் ஆபித் பாஷாவிடம் இதைச் சொன்னான். பாஷா மேல்விஷாரத்துத் தோல் மண்டிக்காரர் மகன்.

“இங்க எழுதறதே இல்ல. விரல் மட்டும் கறுப்பா இருக்குது. அப்ப எங்க எழுதறான்?”

“ரிப்போர்ட்டா?”

“நான் சொல்லல பாஷா. நீதான் சொல்ற.”

“நீதான்டா சொல்ல வெச்ச.”

சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. சுற்றிச் சுற்றி ஆதிகேசவன் காதுக்கே திரும்பி வந்தபோது தானியேல் ஓர் இன்ஸ்பெக்டரின் மைத்துனன் ஆகியிருந்தான். நாலு பேர் சொல்லக் கேட்டதால் ஆதிகேசவனும் நம்பினான். வீட்டுக்குப் போய்க் கட்டுரைக்கு இன்னொரு பிரதி எடுத்தான். அதில் சர்க்கார் கண்ணும் கருத்துமாகக் கவனித்துவந்தது.

எதை வாசிப்பது என்று தெரியவேண்டுமே. வியாழக்கிழமை வகுப்பு விட்டதும் தானியேலைப் பின்தொடர்ந்தான். பாஷாவைக் கூப்பிட்டதற்கு, “போலீஸ் பேஜார் நமக்கு வேணாம், எங்க வாப்பா தோல உரிச்சிடுவாரு” என்று நழுவிவிட்டான்.

தானியேல் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போகவில்லை. ஒற்றன் நேர்வழியிலா போவான் என்று ஆதிகேசவன் மெச்சிக்கொண்டான். பாலாற்றங்கரையில் ஒரு தோல் ஷாப்புக்குள் தானியேல் நுழைய, இவனும் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நுழைந்து, தோல் ஊறவைக்கிற ஆவாரம்பட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்தான். தானியேல் சட்டையைக் கழற்றி மடித்து ஆணியில் மாட்டினான். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, தோல்களைப் புரட்ட ஆரம்பித்தான்.

இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஆதிகேசவன் ஓர் அடி நகர்ந்தான். தரை வழுக்கிற்று. பக்கத்துத் தொட்டியில் முழங்கை வரைக்கும் வலது கை முழுகியது.

“இன்னா ஆதி, தோல் வாங்க வந்தியா?” என்று தானியேல் தொட்டியிலிருந்து தலையைத் தூக்கினான்.

“சும்மா... காத்து வாங்கலாம்னு.”

“இந்தக் காத்தையா?” என்று பக்கத்துத் தொட்டிக்காரர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

தானியேல் அவனைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனான். கை கழுவ ஆதிகேசவன் வாளியின் இரும்புச் சங்கிலியைப் பிடித்து இழுக்க இழுக்க, கண்ணெதிரிலேயே விரல்கள் கறுத்தன.

“பட்டைத் தண்ணி பட்ட கையால இரும்பத் தொட்டா அப்பிடித்தான். நீ மொதல்லயே கேட்டிருக்கலாம். எதுக்கு என் பின்னால வந்த?”

“உன்ன சி.ஐ.டி.ன்னு நெனச்சேன்.”

தானியேல் சங்கிலியை வாங்கி வாளியை மேலே இழுத்தான். “நான் உன்னத்தான் நெனச்சேன். சேர்ந்த நாளா என்னையே பாத்துக்கினு இருக்கியே.”

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “ஒண்ணு கேக்கறேன். எங்கப்பாவோட நான் இங்க எறங்கறது ஹாஸ்டல்ல தெரியாது. எல்லாரோடயும் ஒரே பந்தியில சாப்புடறேன். தெரிஞ்சா எலய எடுத்துக்கினு எழுந்துடுவானுங்க.”

“சொல்ல மாட்டேன்,” என்றான் ஆதிகேசவன். அந்த நேரத்தில் அது சுலபமான வாக்காகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்ததும் பாஷா அவன் கையைப் பார்த்தான்.

“இன்னாடா இது?”

ஆதிகேசவன் கையைப் புத்தகத்துக்கு அடியில் இழுத்துக்கொண்டான். தோல் ஷாப்பு என்றால், அங்கே உனக்கு என்ன வேலை, யாரைப் பார்த்தாய் என்று வரும். கறுத்த விரலுக்கு என்ன அர்த்தம் என்று வகுப்புக்கே சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். பாஷா புத்தகங்களை அடுக்கிக்கொண்டான்.

“இங்க வெயில் ஜாஸ்தி,” என்று எழுந்து போனான். அந்தப் பெஞ்சில் என்றைக்குமே வெயில் விழுந்ததில்லை. மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராக வெயில் அடித்தது.

காலியான பெஞ்சைக் கடந்து போகிற சாக்கில் தானியேல் ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டான். “தேய்ச்சா போய்டும். உனக்கு ஒருநாள் கறைதானே. நான் தேய்ச்சா அடுத்த நாளே திரும்ப வந்துடும்.”

அருணகிரி பெயரைக் கூப்பிட்டார். ஆதிகேசவன் பழத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான். கையில் இரண்டு பிரதிகள். தானியேல் ஒற்றன் இல்லையென்றால் வேறு யார்? தூங்கும் மூர்த்தியா? வாசலில் நிற்கும் பியூனா? அப்பாவின் கோட்டு கண்முன் ஆடியது. ஜன்னலோரத்தில் தானியேல் கைகளைப் பெஞ்சுக்கு அடியில் மறைத்து உட்கார்ந்திருந்தான்.

அதைப் பார்த்ததும், ஆதிகேசவன் முதல் பிரதியை எடுத்து வாசித்தான். கண்ணை மூடிக்கொண்டிருக்கும் சர்க்காரை ஒரு வார்த்தை விடாமல் வாசித்தான்.

முடித்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. “வாயப் புடுங்கறான். யாரும் பேசிடாதீங்க,” என்று பாஷாவின் பெஞ்சிலிருந்து கிசுகிசுப்பு வந்தது. மூர்த்திகூட விழித்திருந்தான்.

“கேள்வி உண்டா?” என்றார் அருணகிரி. வகுப்பு தரையைப் பார்த்தது.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. வந்த நாளாக அந்தக் கை உயர்ந்ததே இல்லை.

“சார், தமிழ்லயே கேக்கறேன். சர்க்கார் கண்ணத் தொறந்தா, மொதல்ல எதப் பாக்கணும்ங்கறாரு?”

வகுப்பு அந்தக் கையைப் பார்த்தது. பிறகு, கட்டுரையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தது.

“ரெண்டு பேர்டா,” என்றான் பாஷா, பயந்துபோய்.

ஆதிகேசவனுக்குச் சிரிப்பு வந்தது. பதில் சொல்லத் தொண்டையைச் செருமினான். சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் உருண்டையாகத் துருத்திக்கொண்டிருந்தது. அதையும் யாராவது வெடிகுண்டு என்று நினைத்துவிடாமல், இடது கையால் மறைத்துக்கொண்டான்.