மூன்று இடுப்புகளுக்கு ஒரு கயிறு

கயிறு ஒன்றுதான். மூன்று பேரின் இடுப்பையும் சேர்த்து முக்கோணமாகக் கட்டிவிட்டு, பந்தை உருட்டிவிடுவார் பயிற்சியாளர் அம்மா. ஒருத்தி முன்னே போனால் மற்றவர்கள் இடம் மாற வேண்டும். கயிறு விறைத்தால் விசில். தரையைத் தொட்டாலும் விசில். நாட்டின் பெண்கள் கால்பந்து அணி கூடுவதே ஆண்டுக்கு நாலைந்து முறை, அதுவும் நாலு நாள். அதற்குள் நடுக்களத்து மூவரும் ஒருத்தி மூச்சை ஒருத்தி பழகிக்கொள்ள வேறு வழியில்லை என்பார்.

அன்று காலை இருபது நிமிடத்தில் ஒரு விசில்கூட இல்லை.

தடுப்பு வரிசைக்கு முன்னால் நின்று வழியை அடைப்பவளுக்கு அணியில் பூட்டு என்று பெயர். பன்னிரண்டு ஆண்டுகள் ஆடியவள், அணித்தலைவி. அவளுக்கு வலப்பக்கம் வாலு. முன்னேறிப் பந்தைப் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. இடப்பக்கம் ஓடி ஓடி அலுக்காத ரயில். அவள் வாயே திறக்கமாட்டாள். கயிற்றை அவிழ்த்தபோது பூட்டுக்கு மனசு நிறைந்திருந்தது. முட்டியில் மூன்று ஊசி ஏறிய பிறகும் கால் சொன்ன பேச்சைக் கேட்கிறதே. ஊசி விஷயம் டாக்டரைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது அவள் நம்பிக்கை.

பயிற்சியாளர் அவளைத் தனியே அழைத்தார். "நாளைக்கு ஜெயிச்சாத்தான் உலகக் கோப்பை. வாலு முன்ன போகவே மாட்டேங்கறா. உட்காரவெச்சிடலாமான்னு யோசிக்கிறேன். கடைசி மூணு ஆட்டத்தைப் போட்டுப் பாத்துட்டு வா."

விடுதியின் கூட்ட அறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, வாலுவின் தப்பைத் தேடத் தொடங்கினாள் பூட்டு. மேலேயிருந்து எடுத்த படம். மூவரும் எறும்பு மாதிரி தெரிந்தார்கள். வாலு முன்னே பாய்கிறாள். நாலு எட்டு. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறாள். நின்றுவிடுகிறாள். இன்னொரு முறையும் அப்படித்தான். பதினோரு முறை எண்ணிய பிறகுதான், அவள் யாரைப் பார்க்கிறாள் என்பது பூட்டுக்கு உறைத்தது.

இரண்டாம் பாதியில் ஒரு பந்து. எதிராளி காலிலிருந்து தானே பறித்ததாக அவள் நினைவில் பத்திரமாக வைத்திருந்த பந்து. படத்தில் வாலு முன்கூட்டியே குறுக்கே வந்து வழியை மறித்திருந்தாள். பூட்டு இரண்டு எட்டு தாமதமாக வந்து, கிடந்ததை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். முட்டி வலி தொடங்கிய இந்த ஆறு மாதத்தில், தன்னுடையதென்று நினைத்ததில் எவ்வளவு தன்னுடையது? மடிக்கணினியை மூடினாள்.

அறையில் வாலு கட்டிலில் கால் நீட்டிக் கிடந்தாள். இருவருக்கும் ஒரே அறை.

"எத்தனை நாளா என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்குற?"

"அழகா இருக்கீங்க, அதான்."

"விளையாடாத."

வாலு எழுந்து உட்கார்ந்தாள். "படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க ஆரம்பிச்சீங்களே, அதுலேர்ந்து. ரயில்தான் முதல்ல பாத்தா. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டோம். அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான் உங்களைப் பாத்துக்கறதுன்னு."

"காலையில கயிறு விறைக்கவே இல்லையே?"

"கொஞ்சம் மெதுவா ஓடினோம்க்கா."

பூட்டு நேரே பயிற்சியாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள்.

"தெரியும்," என்றார் அவர், களம் வரைந்த பலகையில் ஆளுக்கொன்றான காந்த வில்லைகளை நகர்த்தியபடி. "டாக்டர் என்கிட்ட மறைப்பாரா?"

"அப்ப என்னை எடுத்துடுங்க மேடம்."

"எடுத்துட்டு? கிளப்பா இருந்தா வெளியிலேர்ந்து ஆளைக் கொண்டுவரலாம். நாட்டு அணிக்கு எந்தக் கடையில வாங்குறது? உன் இடத்துக்கு இருந்த ஒருத்தி தசை கிழிஞ்சு போயிட்டா. மிச்சம் பத்தொன்பது வயசுப் பொண்ணு. முதல் கால் மணியிலேயே கிழிச்சிடுவாங்க."

"வாலு முன்ன போகட்டும். நான் இடத்தைவிட்டு அசையாம நிக்கிறேன்."

"நீ நிப்ப. பந்து நிக்குமா?" வாலுவின் வில்லையைப் பலகையிலிருந்து பிய்த்தெடுத்தார். "அவ உன்னைப் பாதி காப்பாத்துறா, பாதி ஆடுறா. ரெண்டும் உருப்படல. உன் பின்னாடியே ஓடுற ஒருத்தியைப் போடுறேன்."

"அப்புறம் கோல் யார் போடுறது?"

அவர் வாலுவின் வில்லையை மேசைமேல் வைத்தார். "தலைவி நீதானே. வாலுகிட்ட நீயே சொல்லிடு."

அறைக்குத் திரும்பியபோது, பூட்டின் கட்டிலில் தலையணை மேல் பனிக்கட்டிப் பையைத் துண்டில் சுற்றி வைத்திருந்தாள் வாலு.

"நாளைக்கு நீ வெளிய," என்றாள் பூட்டு.

"நீங்க?"

"உள்ள."

வாலு குனிந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். "யாரைப் போடுறாங்க?"

பூட்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பெயரைச் சொன்னாள்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதேக்கா. நீங்க எந்தப் பக்கம் திரும்பத் தாமதமாகும், எப்ப பாக்கணும், எதுவும் தெரியாது. போய் அவகிட்ட சொல்லிட்டு வந்துடுறேன்."

கதவு சாத்திக்கொண்டது. கூப்பிட்டு நிறுத்த வேண்டும் என்று பூட்டுக்குத் தோன்றியது. எழ முயன்றாள். முட்டி மடங்கிய இடத்திலேயே பிடித்துக்கொண்டது. பையை எடுத்து அதன்மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வராந்தாவில் எந்தக் கதவையோ வாலு தட்டுவது கேட்டது.